ஈறு போன டயர்

இதில் ஒரு வார்த்தை பொய்யிருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இன்றே கொட்டட்டும். நான் கேள்விப்பட்டுச் சொல்கிறவன் இல்லை. பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில், நடந்தது அத்தனையின்போதும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவன்.

அன்று சின்னத் தூறல். வீட்டு வாசலில் டாக்டர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்பதற்குப் பதிலாக ஒரு சுற்றுச் சுற்றி, ஏழு பூந்தொட்டிகளைச் சாய்த்து, வந்த திசையையே பார்த்தபடி நின்றது. பக்கத்து சீட்டிலிருந்த அவர் மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“வீடு வந்துடுச்சா, வந்துட்டுப் போயிடுச்சா?”

“லேசா வழுக்கிடுச்சும்மா.”

“ஞாயித்துக்கிழமை என் தம்பி வரான். வாசல்ல தண்ணி ஊத்தி, சாக்பீஸ்ல கோடு போடுவேன். வண்டி கோட்டுல நின்னா உங்களுது. தாண்டுச்சுன்னா சாவி அவன் கையில.”

டாக்டருக்கு அந்தக் கார் என்றால் உயிர். இருபது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து சம்பாதித்த முதுகுவலிக்கு, அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பரிசு அது. மறுநாளே டயர்க் கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் சுத்தியலால் டயரைத் தட்டினார். ‘டங்’ என்றது.

“பட்டனெல்லாம் தேயாமத்தானே இருக்கு?” என்றார் டாக்டர்.

“பல்லு இருக்கு டாக்டர், ஈறு போச்சு. வேகமா ஓடுற வண்டிக்கு டயர் மெத்துனு இருக்கணும். பொறந்த வாரம், வருஷம் எல்லாம் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கு பாருங்க. பதினோரு வயசு. ரப்பர் கல்லாயிடுச்சு. நாலையும் மாத்திடுங்க.”

“நாலுமா? எந்தப் பல்லு ஆடுதோ அதைத்தான் புடுங்கணும். ஆட்டம் போட்டது பின்பக்கம். பின்னாடி ரெண்டு போதும்.”

போதவில்லை. பின்னால் புதுசுகள் ரோட்டை அட்டை மாதிரிக் கவ்வின. முன்னால் கிழடுகள் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கவில்லை. வாசலை விட்டு வெளியே வந்ததும் டாக்டர் இடது பக்கம் திருப்பினார். கார் நேராகப் போய், எதிர்வீட்டு வேலிக்குள் நுழைந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த வக்கீலின் முழங்காலைத் தொட்டு நின்றது. வக்கீல் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

“உள்ள வாங்க டாக்டர். வண்டியை மட்டும் வெளிய விட்டுட்டு வாங்க.”

முன் இரண்டையும் மாற்றும்போது டாக்டரே மேற்பார்வைக்கு நின்றார். அங்கேதான் வினை. எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று அந்த டயர்களில் அம்புக்குறி உண்டு. எதையும் வாய்க்குள் விடும் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியவர், அம்பையும் அந்தக் கண்ணாடியை நீட்டித்தான் பார்த்தார். இடம் வலமாகத் தெரிந்தது.

“தப்பு! நாலையும் திருப்பி மாட்டுங்க.”

“அம்பு சரியாத்தான் இருக்கு டாக்டர்...”

“நான் எத்தனை பல்லு பாத்திருக்கேன் தெரியுமா?”

மறுநாள் அவரிடமே கடைவாய்ப்பல் பிடுங்கப் போக வேண்டியிருந்ததால், கடைக்காரர் பேசாமல் திருப்பி மாட்டினார்.

அதன்பிறகு கார் முன்னால் போகச் சொன்னால் முனகியது. ரிவர்ஸ் போட்டால் பறந்தது. டாக்டரும் மனைவியும் கடைத்தெருவுக்குப் போய்விட்டு, முழுத் தூரமும் பின்பக்கமாகவே திரும்பினார்கள். பின் சீட்டில் இருந்ததால் நான்தான் முதலில் வீடு வந்து சேர்ந்தேன். வாசல் கடிகாரத்தில், கிளம்பிய நேரத்தைவிட ஐந்து நிமிஷம் குறைவாக இருந்தது.

“முதுகைக் காட்டிக்கிட்டு வர்ற வண்டியை எந்தக் கோட்டுல நிறுத்துவீங்க?” என்றார் மனைவி. “நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை.”

சனிக்கிழமை அம்புகள் நேராயின.

ஞாயிறன்று மச்சினன் குடும்பத்தோடு வந்தான். அவன் அக்கா நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டார். டாக்டர் மச்சினனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, தெருக்கோடியிலிருந்து விரட்டி வந்து ஒரே மிதி. டயர்கள் கவ்விய கவ்வில் ரோடு பாய் மாதிரிச் சுருண்டு, எதிர்வீட்டு வக்கீல் நாற்காலியோடு இரண்டடி எங்கள் பக்கம் வந்தார். கார் கோட்டில் மயிரிழை பிசகாமல் நின்றது. டாக்டரின் மூக்குக்கண்ணாடி மட்டும் நிற்கவில்லை.

“ஜெயிச்சுட்டேன்!” டாக்டர் இறங்கிக் குதித்தார்.

மச்சினன் இறங்கவே இல்லை. எட்டி ஸ்டியரிங்கைத் தடவினான்.

“வழுக்குற வண்டி வேணாம்னு சொல்லத்தான் மாமா வந்தேன். இது தங்கமால்ல நிக்குது! எனக்கே குடுத்துடுங்க.”

“மாப்ளே, பந்தயம் அப்படி இல்லையே...”

“அக்கா!”

அக்காவின் முகம் இளகிவிட்டது. “பொறந்ததுலேருந்து வாய்விட்டு எதையும் கேட்டதில்லைங்க அவன்.”

போன மாதம்தான் ஃப்ரிட்ஜைக் கேட்டு வாங்கிப் போனான் என்பது டாக்டருக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், இருபது வருஷம் ஊரையே வாயைத் திறக்கச் சொன்னவருக்குத் தன் வாயைத் திறக்க வரவில்லை. சாவியை நீட்டினார்.

மச்சினன் மனைவி ஜன்னல் வழியாகக் குனிந்து காருக்குள் ஒரு பார்வை பார்த்தாள். சாவியை டாக்டர் கையிலேயே திருப்பி அழுத்தினாள்.

“ஏங்க, நானும் மூணு புள்ளைங்களும் எங்க உக்கார்றது? ரெண்டே சீட்டுதான் இருக்கு. இதுக்குப் பின் சீட்டே கிடையாதே!”