எமன் அக்காவின் சாவு விசாரணை

சாவை இவ்வளவு ஆசையாக விசாரித்த இன்னொரு மனிதரை நான் இந்தச் சிங்கப்பூரில் பார்த்ததில்லை. காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே, வணக்கத்துக்குப் பதிலாக, "செத்துச்சா?" என்பார். அதனால் எங்களுக்கு அவர் எமன் அக்கா.

அக்கா தோ பாயோ வட்டாரத்துக்காரர். ஒரு வைரஸால் வரும் அரிதான தோல் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். சந்தேகம் கேட்டால் அக்கா உற்சாகமாகிவிடுவார்.

"கெட்டுப்போன செல்லு தானா செத்துடும்பா. அதான் மரியாதை. இந்த வைரஸ் நம்ம தோல்ல சும்மா கெடக்குற பய. எப்பவாவது ஒரு செல்லுக்குள்ள குடியேறி, 'நீ சாகாதே, பெருகு'ன்னு ஏத்திவிட்டுடும். அப்புறம் புற்றுநோய்தான்."

ஒருநாள் அக்கா தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் போன் செய்து, மருந்து போட்டும் புற்றுநோய்ச் செல்கள் சாகவில்லை என்றேன். சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "இன்னும் சாகலையா? விடாதே! இன்னும் கொஞ்சம் ஊத்து!"

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டாராம். "தங்கச்சி, குடும்பத்துல பிரச்சினைன்னா பேசித் தீர்த்துக்கலாம் லா."

"பேசிப் பார்த்தாச்சு அண்ணே. கேக்க மாட்டேங்குது."

கூட ஊற்றியதில் நல்ல தோல் செல்கள்தான் செத்தன. புற்றுநோய்ச் செல்கள் கொத்துக்கொத்தாக மிதந்து எங்களைக் கேலி செய்தன. பேராசிரியர் பொறுமையிழந்து, இன்னொரு முறைதான், அதோடு ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்றார். அன்று மட்டும் அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் என் மேசையைத் தட்டினார். "வாசல்ல ரெண்டு காவல்காரன் நிக்கிறான்பா! நாம ஒருத்தனையே அடிச்சிட்டிருக்கோம்." புற்றுநோய்ச் செல்லின் சாவைத் தடுக்கும் புரதங்கள் இரண்டு. இரண்டுக்கும் தனித்தனி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தார். பக்கத்துத் தட்டில் நல்ல செல்களுக்கும் அதே மருந்து.

முடிவு வந்த காலை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். திடீரென்று நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"செத்துட்டானுங்க! மொத்தமா! நல்லவனுங்க எல்லாம் அப்படியே இருக்கானுங்கப்பா!"

அக்கா சொன்னால் ஆயிற்றா? வேறொருவரை விட்டு மறுபடி செய்யச் சொன்னார் பேராசிரியர். பேராசிரியர் சீனர், தமிழ் தெரியாது. ஆனால் அந்த முடிவு வந்த அன்று கதவைத் திறந்ததும் கேட்டார்: "செத்துச்சா?"

ஆய்வகமே ஒரே குரலில் கத்தியது: "செத்துச்சு!"

நோயாளிகளிடம் போய்ச் சேர இன்னும் வெகுதூரம் என்று அக்காவே எல்லோரையும் அடக்கினார். அடக்கிக்கொண்டே அழுதார்.

இப்போது அவருக்குச் சொந்தமாக ஓர் ஆய்வகம் கிடைத்திருக்கிறது. "வர்றியாப்பா?" என்று கேட்டார். என்ன வேலை, என்ன சம்பளம் என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "எப்பக்கா வரணும்?" என்றுதான் கேட்டேன்.