கலியமூர்த்திக்கு ஷாக் அடித்த கேமரா

உப்பளம், புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை

அன்பு மைத்துனர் லூர்துபிரகாஷ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரர் சகாயநாதன் எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் இங்கே அனைவரும் சுகம். காரைக்காலில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று அக்காள் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிறு எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு உங்கள் அக்காள் வேளாங்கண்ணி, "நான் சிரிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ வேணும், கூடத்துல மாட்டணும்" என்றாள். உங்களுக்குத் தெரியாததா? 'ரெடி' என்று சொன்ன மாத்திரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவள் மாதிரி முகத்தை இறுக்கிக்கொள்வாள். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் இன்றும் என்னைத்தான் சந்தேகிக்கிறார்கள். அதிலும் செல்போன் ஆகாதாம், தம்பி பிரான்சிலிருந்து கொண்டுவந்த கேமராதான் வேண்டுமாம். அன்று நீங்கள், "மாமா, எல்லாம் பிரெஞ்சுல இருக்கு, மாத்தித் தரட்டுமா?" என்றதும், "புதுச்சேரிக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று நான் மார்தட்டியதும் நினைவிருக்கும்.

போன வாரம் அவளை நோணாங்குப்பம் படகில் எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். பட்டனை அழுத்தினால் எடுக்கவில்லை. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது, மறுபடி அழுத்தினால் அதுவும் அணைகிறது, சரி போ என்று மடியில் வைத்தால் தானாகவே க்ளிக் என்கிறது. படகுக்காரர் நாகராஜ், "பட்டன்ல மணல் பூந்துடுச்சு சார், நல்லா ஊதுங்க" என்றார். நான் ஊதினேன், அவர் ஊதினார், படகே கைமாற்றி ஊதியது. ஒன்றும் நடக்கவில்லை.

எதிர்வீட்டுக் கலியமூர்த்தி மிக்சி ரிப்பேர் செய்பவர். பேட்டரியைக் கழற்றி, ஏழு ஸ்க்ரூவையும் கழற்றி, "பேட்டரிதான் வெளிய இருக்கே, ஷாக் எப்டி அடிக்கும்?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஃபிளாஷ் அவரைத் தூக்கிவாரிப் போட்டது, அந்த வேகத்தில் பட்டனின் ஸ்பிரிங் பறந்துவிட்டது, இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடியும் கிடைக்காமல், என் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டோம். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. "அது கம்பெனிக்காரன் சும்மா போட்டது" என்றார். பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். உடனே க்ளிக்! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். என் கையால் கேமரா பிழைத்த செய்தியை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பட்டன் சொன்னபடி கேட்கிறது; உங்கள் அக்காள்தான் இன்னும் சிரிக்கவில்லை. இதுவரை முப்பத்திரண்டு படம், முப்பத்திரண்டிலும் போலீஸ் ஸ்டேஷன்தான்.

ஞாயிறு பூசைக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். லினெட்டுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சகாயநாதன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மகள் ஜூலி வந்துவிட்டாள். கதையைக் கேட்டு, "அப்பா, திரையில கடிகாரம் மாதிரி படம் இருந்துச்சா?" என்றாள். இருந்தது, மணி காட்டுகிறதாக்கும் என்றிருந்தேன். அழுத்திய பிறகு பத்து விநாடி பொறுத்து எடுக்கச் சொல்லும் குறியாம். பேட்டரியைக் கழற்றியதும் அது போய்விட்டதாம். பட்டன் கெடவே இல்லையாம்! பிறகு படகில் தானாக விழுந்த படங்களைக் காட்டினாள். என் முழங்கால், வானம், மறுபடி என் முழங்கால். நான்காவதில், நாங்கள் ஊதிய கூத்தைப் பார்த்து உங்கள் அக்காள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். நாற்பது வருஷத்தில் நான் பார்த்த படங்களிலேயே இதுதான் அழகு, கண் கலங்கிவிட்டது. அவளும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதையே மாட்டுங்க. ஞாயித்துக்கெழமைக்கு அந்த பட்டனைப் பழையபடி கெடுத்து வைங்க" என்கிறாள். ஆகவே சற்று முன்னதாக வந்து, கலியமூர்த்தி பார்க்காத நேரமாக, அந்தக் கடிகாரத்தைப் போட்டுக் கொடுங்கள். அவரைப் பொறுத்தவரை பட்டன் கெட்டிருந்ததுதான், நாங்கள் ரிப்பேர் பார்த்ததுதான்.