யூரியா தின்ற காட்டட்டா

யூரியாவை வாயில் போட்டு மென்று, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் விழுங்கிய அரசாங்க ஊழியர் இந்தியா முழுவதும் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் என்னோடு படித்தவர். பெயர் காட்டட்டா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. விவசாயப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது காலாவதியாகிவிட்டது. அறுபதுகளின் நடுவில் திருவள்ளூர்ப் பக்கம் இருந்த பள்ளி அது. படித்து முடித்தால் கிராம சேவக் வேலை. ஊர் ஊராக சைக்கிளில் போய், புது விதை, புது உரம் என்று விவசாயிகளிடம் சொல்லி, அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும்.

முதல் வார வகுப்பில் வாத்தியார், "மண்புழு யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது" என்றார். பின் பெஞ்சில் எவனோ, "தொட்டா சொறி வரும் சார்" என்றான். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஒல்லிப் பையன் எழுந்து, "காட்டட்டா சார்?" என்று கேட்டான். பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. வெளியே ஓடினான். இரண்டு கை நிறைய மண்புழுவோடு திரும்பி வந்து, தன் கழுத்தில் சிலதை விட்டுக்கொண்டு, மீதியை வாத்தியாரின் மேஜையில் வைத்தான். அதில் ஒன்று வாத்தியாரின் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் குடியேறிவிட்டது. அன்றிலிருந்து மாணவர்கள், சமையல்காரர், வார்டன் எல்லோருக்கும் அவன் காட்டட்டாதான்.

வாயால் சொல்லி யாரும் எதையும் நம்பப்போவதில்லை, கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்பது அவன் மதம். அந்த மதத்துக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவன் உயிரைக் கொடுத்தான். சில சமயம் எங்கள் உயிரையும் சேர்த்துக் கொடுத்தான்.

விடுதிச் சாம்பாரில் பருப்பு இல்லை என்று ஒருநாள் புகார் கிளம்பியது. "பருப்பு போட்டுத்தான்டா காய்ச்சறாங்க, உங்க கண்ணுலதான் கோளாறு" என்றார் வார்டன். காட்டட்டா எழுந்து போய், மண்ணைச் சலித்துப் பிரிக்கும் சல்லடைகளை ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்தான். பெரிய கண் சல்லடை மேலே, சின்ன கண் சல்லடை கீழே என்று அடுக்கி, ஒரு வாளி சாம்பாரை வார்டன் முன்னாலேயே ஊற்றினான். மேல் சல்லடையில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு தங்கியது. கீழ்ச் சல்லடையில் கொஞ்சம் கடுகும் ஒரு சணல் நாரும் தங்கின. "மணற்பாங்கான மண் சார், சத்து கம்மி" என்று அறிக்கை கொடுத்தான். ஒரு வாரம் அவனுக்குச் சாப்பாடு கிடையாது என்று தீர்ப்பானது. நாங்கள் ஆளுக்கு ஒரு பிடி ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வாரம் அவன் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டு இளந்தொந்தி போட்டுவிட்டான். சாம்பாரும் கெட்டியானது.

பெரிய கலவரம் சோழவரத்தில் நடந்தது. அங்கே பழைய விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் கார் ரேஸ் நடக்கும். ரேஸுக்கு முந்தைய நாட்களில் கார்களை ஓட்டிப் பழகுவார்கள். நாங்கள் பள்ளி டிராக்டரில் குப்பை எரு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியவன் காட்டட்டா. "நம்ம டிராக்டர் எல்லாம் அந்த ரோட்டுல ஏற முடியுமா?" என்று நான்தான் வாய் தவறிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

நல்லவேளை, சாப்பாட்டு நேரம். கார்கள் எல்லாம் நின்றிருந்தன. காலியான ஓடுதளத்தில் எங்கள் டிராக்டர் கடகடவென்று சுற்றி வந்தது. பின்னால் டிரெய்லரில் எருக்குவியலின் மேல் நாங்கள் மூன்று பேர், பல்லக்கில் போகும் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் எரு சரிந்து கொட்டியது. வெள்ளை உடுப்பு போட்ட பந்தயக்காரர் ஒருவர் கையில் சாண்ட்விச்சோடு எழுந்து நின்று கை தட்டினார். காவல்காரர் மட்டும் பின்னாலேயே ஓடி வந்தார்.

"யோவ், இன்னாய்யா இது, ரோடு பூரா சாணி போட்டுக்கினு போற?"

"தழைச்சத்துங்க. ரோட்டுக்கு நல்லது" என்றான் காட்டட்டா.

பிரின்சிபால் அவனைப் பள்ளியை விட்டு அனுப்புவதென்று முடிவு செய்து, அவன் அப்பாவை வரச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிய, அதிகம் பேச்சு வராத மனிதர். அவரைக் காட்டட்டா "நைனா" என்று கூப்பிடுவான். பிரின்சிபால் கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். நைனா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஊட்லயும் இப்டித்தான் சார் கீறான். நம்ம கெணறு எவ்ளோ ஆழம் கீதுடான்னு ஒரு நாளு கேட்டேன். பதிலு சொல்லாம குதிச்சிட்டான்."

பிரின்சிபால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நாங்கள் வெளியிலிருந்து பார்த்தோம். காட்டட்டா தப்பினான்.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு மூலையில் வேலை கிடைத்தது. அவனுக்குக் கவரைப்பேட்டைக்கு அப்பால், ஆரணியாற்றை ஒட்டிய ஒரு கிராமம். எனக்குப் பக்கத்து வட்டம். அப்போதுதான் ஐ.ஆர். எட்டு என்ற குட்டை நெல் வந்திருந்தது. அதற்கு யூரியா போட வேண்டும். இரண்டையுமே ஊர் நம்பவில்லை.

ஊரில் பெரிய நிலக்காரர், எல்லோரும் பெரிய நாயுடு என்று சொல்லும் மனிதர். ஆலமரத்தடிக் கூட்டத்தில் அவர் சொன்னார்: "இது விஷம்பா. பூமியில போட்டா பூமி மலடாயிடும். மாடு நக்குனா மாடு பூடும்."

"காட்டட்டா?" என்றான் நம் ஆள். பையில் கை விட்டு யூரியாவை எடுத்து வாயில் போட்டான். நறநறவென்று மென்றான். முகம் முதலில் வெளுத்தது, பிறகு பச்சையாயிற்று. ஆனாலும் விழுங்கினான். நான் அப்போது அவன் பக்கத்தில் இருந்தேன். கூட்டம் முடிந்ததும் புளியந்தோப்புக்குள் போய், அவன் அதற்கு முந்தைய நாள் நாஷ்டாவரை வெளியே கொண்டுவந்ததையும் பார்த்தேன். இவ்வளவு செய்தும் ஊர் அசையவில்லை. "சர்க்காரு ஆளுக்கு எத்தத் துன்னாலும் ஜீரணமாவும்" என்று சொல்லிவிட்டுக் கலைந்துபோனார்கள்.

மறுநாள் சலோமியம்மா அவனைத் தேடி வந்தார். நாயுடு நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். புருஷன் இறந்துபோய், மூன்று பிள்ளைகள். ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் மட்டும் சொந்தம். சுற்றிலும் வரப்பு உயர்ந்து, மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ள நிலம் அது.

"தம்பி, உன் நெல்ல என் கொல்லியில போடு" என்றார்.

காட்டட்டாவுக்கு நம்ப முடியவில்லை. "யக்கா, யாருமே நம்பல, நீ எப்டி நம்பற?"

"ஊருக்குச் சொல்றவங்க எல்லாம் அடுத்தவன் தலையிலதான் போட்டுப் பாப்பாங்க. நீ உன் வாயில போட்டுப் பாத்த. அது போதும்."

ஜெயித்துவிட்டான் என்று நினைத்து, அடுத்த வாரம் அவனைப் பார்க்கப் போனேன். வயல் வரப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இளந்தொந்தி போன இடம் தெரியவில்லை.

"இன்னாடா, பேய் அடிச்ச மாதிரி கீற?"

"பயமா கீது மச்சான்" என்றான். கிணற்றில் குதித்தவன், ரேஸ் ரோட்டில் எரு கொட்டியவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "இவ்ளோ நாளும் எல்லாத்தையும் என் உடம்புல காட்டிக்கினு இருந்தேன். இது அந்தக்கா புள்ளைங்க வயித்துல காட்டறேன். பயிரு பூட்டுதுன்னா?"

நானும் வரப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்துக்கொண்டது. ஆரணியாறு பொங்கியது. நான் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஊரின் உயரமான நெல்லெல்லாம் காற்றில் சாய்ந்து படுத்திருந்தது. சலோமியம்மா வயலில் நெல்லையே காணோம். குட்டை நெல், பள்ளத்து நிலம். மொத்தமும் தண்ணீருக்குள். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும். தண்ணீர் வடிய ஒரே வழி, பெரிய நாயுடுவின் வரப்பை வெட்டி அவர் நிலத்தின் வழியே ஓடைக்கு விடுவதுதான். அப்படி விட்டால் அவர் வயலில் சாய்ந்து கிடக்கும் கதிர்கள் ஊறி முளைத்துவிடும். அதை மறுக்க ஒருவர் கெட்ட மனிதராக இருக்க வேண்டும் என்பதில்லை.

மழையில் நனைந்துகொண்டு நாயுடு வீட்டு வாசலில் போய் நின்றோம். நாயுடு வெளியே வந்தார்.

"இன்னாபா, இப்ப இன்னா காட்டப் போற?" என்றார்.

காட்டட்டா இரண்டு கையையும் கூப்பினான். "காட்டறதுக்கு என்னாண்ட ஒண்ணும் இல்ல நைனா. நான் சொன்ன பேச்சக் கேட்டு அந்தக்கா போட்டுது. நீங்க நாலு மண்வெட்டி வெட்டு வெட்டனாத்தான் அதுங்க இந்த வருஷம் சோறு துன்னும்."

நாயுடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி தெலுங்கில் ஏதோ சத்தம் போட்டார். நாயுடு திரும்பிப் பார்க்காமல், சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். "என்னுது எப்டியும் படுத்துக்கினு கீது. நிக்கறதாவது நிக்கட்டும்" என்றார். வரப்பை அவரே வெட்டினார். எங்களைத் தொட விடவில்லை. "உங்களுக்கு வெட்டத் தெரியாது, பக்கத்து வரப்பையும் சேத்து வெட்டிடுவீங்க" என்றார். அது உண்மைதான்.

தண்ணீர் வடிந்தபின் சேறு பூசிய பயிர் வெளியே தெரிந்தது. சலோமியம்மா, பிள்ளைகள், காட்டட்டா, நான், எல்லோரும் வயலில் இறங்கி வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து இலைகளைக் கழுவினோம். நெல்லைக் குளிப்பாட்டிய ஊர் என்று பக்கத்துக் கிராமத்தில் கொஞ்ச நாள் சிரித்தார்கள்.

ஓரத்தில் கொஞ்சம் அழுகிப்போனது. மிச்சம் பிழைத்தது. அறுவடையன்று களத்தில் குவிந்த நெல்லைப் பார்த்துவிட்டு நாயுடு ஒரு கைப்பிடி அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போனார். அடுத்த பட்டத்துக்கு விதை கேட்டு ஆள் அனுப்பினார். சலோமியம்மாவிடம் சோறு எப்படி என்று கேட்டேன். "சூடா துன்னா சோறு, ஆறிப்போச்சுன்னா செங்கல்லு. ஆனா புள்ளைங்களுக்கு ரெண்டு வேளை போடறேன்பா" என்றார். காட்டட்டா அந்தப் பக்கம் திரும்பி, கண்ணில் உமி விழுந்துவிட்டது என்றான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. எங்கள் செட்டில் பயிரோடு இருந்தவர்கள் குறைந்தார்கள். ஒருவன் பேங்குக்குப் போனான், ஒருவன் பூச்சி மருந்துக் கடை வைத்தான். நான் ஓர் இரும்பு ஆலையில் நேரக் கண்காணிப்பு வேலைக்குப் போனேன். சலோமியம்மாவின் மூத்த மகன்கூட எங்கள் ஆலையிலேயே சேர்ந்தான். காட்டட்டாவைத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று மறுத்துவிட்டு அங்கேயே இருந்தான்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஆலையில் தகராறு வந்து கதவைச் சாத்திவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் யாருக்கும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, ஒருநாள் காலை ஆலை கொடுத்த குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பின்னால் முருங்கைக்காய், பூசணி, வாழைத்தார், கீரைக்கட்டு என்று சைக்கிளே தெரியாத அளவுக்குப் பாரம். நடுவே காட்டட்டாவின் தலை மட்டும் தெரிந்தது.

உள்ளே வந்தான். ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் கொல்லைப்புறத்தில் மண்வெட்டியைப் போட்டுக் கொத்தத் தொடங்கினான். இரும்புத் தூசி படிந்த, புல்கூட முளைக்காத மண். சாயங்காலம்வரை கொத்தி, வெண்டை விதை ஊன்றினான். என் மனைவியிடம் மோர் வாங்கிக் குடித்தான். "தண்ணி ஊத்தம்மா, இவன் ஊத்த மாட்டான், சோம்பேறி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான். வெண்டை முளைத்ததோ இல்லையோ, தினமும் எழுந்து போய்ப் பார்க்க எனக்கு ஓரிடம் கிடைத்தது.

அவன் தெருமுனை திரும்பும்வரை என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

"அண்ணன்" என்றேன். அவன் என்னைவிட வயதில் சின்னவன்.