சுத்திவளைப்பு அண்ணையும் கோணல் பந்தும்

ரொறன்ரோவில் இருக்கிற இத்தனை சனத்துக்குள், ஒரு வசனத்தை நேராகத் தொடங்கி நேராக முடிக்கத் தெரியாத ஒரே ஆள் எங்கள் சுத்திவளைப்பு அண்ணைதான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஹெல்த் கார்டில் அடித்திருப்பார்கள். ஆனால் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது.

ஊரில் ஆமிக்காரன் விடியப்புறம் வந்து கிராமத்தைச் சுற்றி நின்றுகொண்டு, மெல்ல மெல்ல உள்ளே வருவான். அதற்குப் பெயர் சுத்திவளைப்பு. அண்ணையின் கதையும் அப்படித்தான். எங்கேயோ தூரத்தில் தொடங்குவார். தப்பி ஓட வழி தேடும்போது நாலு பக்கமும் அவர்தான் நிற்பார்.

ஒருநாள் பின்னேரம் வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, ஊரிலை உங்கடை வீட்டிலை கரண்ட் இருந்ததோ?"

"இல்லை அண்ணை. லாம்புதான்."

"லாம்பெண்டா எண்ணெய் முடியத் தன்ரை பாட்டிலை நூந்து போயிடும், என்ன?"

"ஓம்."

"இந்தக் காலத்துச் சாமான் அப்பிடியில்லை."

அங்கிருந்து பெற்றோல்மாக்ஸுக்குப் போனார். பிறகு ரோர்ச் லைற். பிறகு கோயில் திருவிழாவில் லைற் இன்ஜின் நின்ற கதை. என் மனிசி தேத்தண்ணி ஊத்தி, ஆறி, திரும்பவும் ஊத்தினாள். கடைசியில் வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு சொன்னார்: "உம்மடை கார் லைற் எரியுது போல கிடக்கு."

போய்ப் பார்த்தேன். எரியவில்லை. பற்றரி செத்துவிட்டது.

"அண்ணை, வந்த உடனை சொல்லியிருக்கலாமே?"

"எடுத்த எடுப்பிலை சொன்னா, கவனமில்லாத ஆளெண்டு உம்மைக் குத்திக் காட்டின மாதிரியெல்லோ இருக்கும்."

அவர்தான் என்னை ஒரு விளையாட்டுக் கிளப்பில் சேர்த்தவர். எனக்குச் சீனி வருத்தம். மூன்று மாதத்தில் இறக்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டா. நானோ, ரிவியில் மற்றவனுக்கு ஊசி போட்டாலே மயங்கி விழுகிற வீரன். அண்ணை எங்கள் பின்வளவுக்கு வந்து பூசணிக்காயைப் பார்த்தார்.

"நல்ல பூசணி. ஒரே இடத்திலை கிடக்கிறபடியால்தான் இப்பிடி ஊதுது."

பூசணியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். 'ஊதுது' என்ற சொல்லுக்கு மட்டும் அவர் பார்வை என் வயிற்றுக்கு வந்து போனது. பொழுதுபடுவதற்குள், பக்கத்துப் பார்க்கில் ஒரு போலிங் கிளப் இருப்பதும், அவர் அதில் மெம்பர் என்பதும் தெரியவந்தது.

எனக்குப் படிப்புக் குறைவு. பள்ளிக்கூடம் போனேன், ஆனால் மைதானத்தைத் தாண்டி உள்ளே போன ஞாபகம் இல்லை. போலிங் என்றால் எனக்குக் கிரிக்கெட்தான். வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு போனேன். அங்கே எல்லாரும் வெள்ளை உடுப்பு. ஆகவே சந்தேகம் வரவில்லை. கொஞ்சம் வயசுபோன ரீம் என்று மட்டும் நினைத்தேன்.

கிளப் தலைவி டொரத்தி ஒரு கறுப்புப் பந்தைக் கையில் தந்தா. தேங்காய் மாதிரிப் பாரம். நான் வேலிவரை பின்னுக்கு நடந்துபோய், அங்கிருந்து ஓடிவந்து, கையைச் சுழற்றி விட்டேன். பந்து போனது. கூடவே நானும் போனேன். கம்பளம் மாதிரி வளர்த்து வைத்திருந்த புல்லில் ஒரு குழி.

டொரத்தி குழியைப் பார்த்து அழாக்குறையாக நின்றா. எனக்காக மன்னிப்புக் கேட்க அண்ணை போனார். தனக்குத் தெரிந்த இங்கிலீசில், வன்னியில் குளம் கட்டிய கதையிலிருந்து தொடங்கினார். அவர் குழிக்கு வந்து சேரமுன்னமே டொரத்தி மன்னித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டா.

விளையாட்டு என்னவென்றால், முதலில் ஒரு வெள்ளைக் குட்டிப் பந்தை உருட்டி விடுவார்கள். எங்கள் பெரிய பந்தை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பெரிய பந்தில் ஒரு பக்கம் கோணல். குட்டிப் பந்தை நேரே பார்த்து விட்டால் எங்கேயோ போய்விடும். சம்பந்தமில்லாத பக்கம் பார்த்து விட்டால், சுற்றி வளைந்து வந்து பக்கத்தில் நிற்கும். அண்ணையைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டைச் செய்தார்களோ தெரியாது.

இதில் ஒரு புதினம் கண்டேன். மனிசரோடு வளைந்து வளைந்து கதைக்கிறவர், வளைந்து போகிற பந்தோடு மட்டும் நேராகக் கதைத்தார். உருட்டிவிட்டுப் பின்னாலேயே போவார்.

"நில்லடா. காணும். உங்காலை போகாதை எண்டெல்லே சொன்னனான், விசரா."

கொஞ்ச நாளில் கிளப் முழுக்க 'நில்லடா' பழகிவிட்டது. டொரத்தி ஒருநாள் றோட்டில் பஸ்ஸைப் பார்த்து "நில்லடா" என்று கத்தினாவாம். டிரைவர் எங்கடை தமிழ்ப் பெடியன். நிப்பாட்டிவிட்டான்.

இந்த விளையாட்டின் நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். குனிந்து நிமிர்ந்து முழங்கால் இளகியது. அங்கேயும் இங்கேயும் நடந்து நித்திரை வந்தது. என் கால்விரல்களைக் கனகாலத்துக்குப் பிறகு கண்டேன். எல்லாம் சுகமாக இருந்தன. சீனி இறங்கி, டொக்டர் ஊசிக் கதையை விட்டுவிட்டா. மனிசியைக் கேட்டால் அவள் வேறு கணக்குச் சொல்லுவாள்: "உந்தக் கிளப்பாலை எனக்குத்தான் சுகம். ரெண்டு மணித்தியாலம் றிமோட் நான் வைச்ச இடத்திலை கிடக்குது."

அப்போதுதான் அண்ணையின் மகன் சுதன், நகரத்துக்கு வெளியே தூரத்தில், ஸ்ரௌவ்விலில் புதுவீடு வாங்கினான். அவர்கள் எல்லாரும் இருந்த இங்கத்தை வீடு விற்றாகிவிட்டது. கோடை முடியக் குடும்பத்தோடு போக வேண்டும். அங்கே பால் வாங்கவும் கார் வேண்டும். அண்ணையிடம் லைசன்ஸ் இல்லை. சோதனையில் இடப்பக்கம் திரும்பச் சொன்னபோது, இடப்பக்கத்தில் ஆர் இருக்கினம் என்று விசாரித்தவர் அவர்.

அவருக்குப் போக விருப்பமில்லை. எங்கள் பேஸ்மென்ற் சும்மா கிடந்தது, வாருங்கள் என்றேன். மனிசியும் ஓம் என்றாள். வருவார்தான். ஆனால் அதை மகனிடம் சொல்ல வேண்டுமே. அவர் ஊர்ப் பனங்காணியில் தொடங்கி வர, சுதன் வேலைக்குப் போய்விடுவான். திரும்பத் தொடங்கினால், "அப்பா, பொயின்ருக்கு வாங்கோ, எனக்கு மீற்றிங்" என்பான். பொயின்ருக்கு வருவதென்றால் அண்ணைக்கு ஒரு கிழமை லீவு வேண்டும். சாமான் எல்லாம் பெட்டியில் கட்டியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு மட்ச். நானும் அண்ணையும் ஒரு சோடி. மறுநாள் விற்ற வீட்டின் திறப்பை வாங்கினவர்களிடம் கொடுக்க வேண்டும். அண்ணையை ஏற்றிப்போகச் சுதன் வந்து ஓரமாக நின்றான். கடைசிப் பந்து. நல்லாக விட்டால் வெற்றி. அண்ணை உருட்டினார். பந்து வளையத் தொடங்கியது. பிறகு நிற்கிற யோசனையே இல்லாமல், புல்லைச் சுற்றி வெட்டியிருந்த கான் பள்ளத்தைப் பார்த்துப் போனது. அண்ணை பின்னால் போனார்.

"நில்லடா. நில்லெண்டுறன். உனக்கு ஆர் சொன்னது அங்கை போகச் சொல்லி? நான் ஸ்ரௌவ்விலுக்கு வரேல்லை."

பந்து கானுக்குள் விழுந்தது. அண்ணை குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீயும் உன்ரை மனிசியும் விடிய வேலைக்கு வெளிக்கிட்டா, நான் அங்கை ஆற்றை முகத்தைப் பாக்கிறது? கராஜ் கதவின்ரை முகத்தையோ? நான் தம்பி வீட்டுப் பேஸ்மென்றிலை இருக்கப் போறன். சொல்லிப்போட்டன்."

சுதன் கிட்ட வந்தான். "அப்பா, ஆர் யூ ஓகே? பந்தோடையா கதைக்கிறீங்கள்?"

"ஓம். பந்தோடைதான்."

சுதன் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவனும் தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தி, கானுக்குள் கிடந்த பந்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஓகே. ஆனா ஒவ்வொரு வீக்கெண்டும் நான் வந்து காரிலை ஏத்திக்கொண்டு போவன். வரேலாதெண்டு சொல்லக்கூடாது."

பந்து மறுக்கவில்லை. மட்ச் தோற்றுவிட்டோம். டொரத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா. அவவுக்கு விளங்கியது 'நில்லடா' ஒன்றுதான்.

இப்போது குளிர் தொடங்கிவிட்டது. கிளப் பூட்டு. பின்னேரங்களில் அண்ணை பேஸ்மென்றிலிருந்து படியேறி வந்து, "தம்பி, மாரிக்கு உங்கடை கிணறு நிரம்புமோ?" என்று தொடங்குகிறார். கீழே ஹீற் போதவில்லை என்று எனக்கு முதல் வசனத்திலேயே விளங்கிவிடும். எழும்பிப் போய், சத்தமில்லாமல் ஹீற்றைக் கூட்டிவிட்டு, தேத்தண்ணியோடு வந்து இருக்கிறேன். கிணற்றடியிலிருந்து அவர் ஆறுதலாக வந்து சேரட்டும். எனக்கென்ன அவசரம்.