மிரட்டுறதுக்கு இங்கிலீசு

இந்த வூட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல ஹயாத் பாஷா இருக்கணும். அன்னிக்குக் காலையில டீக்கடை அடுப்பப் பத்த வைக்கும்போதே இந்த முடிவுக்கு வந்துட்டேன். ஹயாத் பாஷா என் சம்சாரம் சுராயாவோட தம்பி. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு நோம்புப் பெருநாளைக்கு வந்தான். பக்ரீத்தும் வந்து போயிடிச்சி. அவன் போகல.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட என் கடை. சிலை அடிக்கறவங்க, வெள்ளக்காரங்க, கல்பாக்கம் பஸ்ஸுக்கு நிக்கறவங்கன்னு எப்பவும் கும்பல்தான். டீ ஆத்துறது நானு. கல்லாவுல உக்காருறது அவன்.

"மச்சான், நின்னு நின்னு உங்களுக்குக் காலு வலிக்கும், பாவம். கல்லாவ நான் பாத்துக்கறேன்"னான்.

கால் வலிக்கறவன் உக்காரணுமா, வலிக்காதவன் உக்காரணுமா? இதக் கேட்டா சுராயா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவா.

"அத்தா இல்லாத புள்ள. அவன எங்க போவச் சொல்றீங்க?"

அவங்க அத்தா பினாங்குக்குப் போனவரு. சுராயா பாவாட கட்டிகினு திரிஞ்ச வயசுல, பொண்டாட்டி புள்ளைங்ககிட்டகூட ஒரு வார்த்த சொல்லாம கப்பலேறிட்டாரு. அதோட சரி, ஆளும் வரல, சேதியும் வரல. இன்னிக்கும் யாராச்சும் கப்பல்னு சொன்னா அவ கண்ணு கலங்கிடும். எனக்கு இது போதாதா? குவைத்துக்குப் போறேன்னு மிரட்டுனா பதறிப்போயி தம்பிய மூட்ட கட்டி அனுப்பிடுவான்னு திட்டம் போட்டேன்.

மிரட்டுறதுன்னா முழுசா மிரட்டணும். பாஸ்போர்ட்டே எடுத்துட்டேன். இங்கிலீசும் கத்துக்க ஆரம்பிச்சேன். வாத்தியாரு லட்சுமணன் சாரு, கல்பாக்கத்துல அணுமின் நிலையம் கட்டுற ஆபீஸ்ல கிளார்க்கு. ஆபீஸ் பஸ் வர்ற வரைக்கும் என் கடையிலதான் அவருக்கு நாஸ்தா.

"பாய், தமிழ்ல வினை கடைசியா வரும். மத்ததெல்லாம் அதுக்கு முன்னால வரிசையா நிக்கும். இங்கிலீஷ்ல அப்படி இல்ல. எப்படிச் செஞ்சேன்ங்கறது பின்னாடி போகும். ஐ ட்ரிங்க் டீ ஸ்லோலி. ஆல்வேஸ், நெவர் மாதிரி ஆளுங்க மட்டும் வினைக்கு முன்னால. ஐ ஆல்வேஸ் ட்ரிங்க் டீ."

"ட்ரிங்க் ஸ்லோலி டீன்னு நடுவுல வெச்சா?"

"கூடவே கூடாது. வினைக்கும் அதோட செயப்படுபொருளுக்கும் நடுவுல எவனும் வந்து உக்காரக் கூடாது."

என் கண்ணு தானா கல்லாப் பக்கம் போச்சி. அடடா, வெள்ளக்காரன் எவ்ளோ நியாயமா சட்டம் போட்டு வெச்சிகீறான்!

அன்னிலேருந்து சாயங்காலமானா வூட்டுல நின்னுகினு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவேன்.

"ஐ ஆல்வேஸ் ஒர்க் ஹார்டு! ஐ ட்ரிங்க் டீ ஸ்லோலி! மை மச்சான் ஸ்லீப்ஸ் சவுண்ட்லி! ஐ வில் கோ டு குவைத் குயிக்லி! ஐ வில் நெவர் கம் பேக்!"

சுராயா மீன் ஆஞ்சிகினு இருந்தவ நிமிந்து பாத்தா.

"கடேசியா சொன்னீங்களே, அது இன்னாங்க?"

"திரும்பி வரவே மாட்டேன்னு அர்த்தம்."

"குயிக்லின்னா?"

"சீக்கிரமா."

"அத எங்க வெக்கணும்?"

"பின்னாடி. வினை போன பொறவு."

அழுவான்னு பாத்தேன். மீன் தலைய தனியா எடுத்து வெச்சா.

"எப்ப கெளம்பறீங்க?"

"எப்பன்னா... ஏஜெண்டு கெடைக்கணும்ல?"

"ஆவட்டும்"னா.

வெள்ளிக்கிழம ஜும்மா தொழுவ முடிஞ்சதும் ஹஜ்ரத்து எழுந்தாரு. "நம்ம நூர்முகமது குவைத்துக்குப் பயணம் போறாரு. நல்லபடியா போயி சேர துஆ செய்ங்க"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடிச்சி. பள்ளிவாசலே ஆமீன்னுச்சி. அந்தக் கும்பல்ல ஆமீன் சொல்லாத ஒரே ஆளு நான்தான்.

வூட்டுக்கு ஓடியாந்தா, கோவளத்து ஏஜெண்டு ஷேக் தாவூது உக்காந்து பிரியாணி சாப்ட்டுகினு கீறாரு. சுராயா ஆளனுப்பி வரவழைச்சிருந்தா.

"இங்கிலீசு தெரியும்னாங்களே, ஒண்ணு பேசு பாக்கலாம்"னாரு.

தப்பிக்க இதான் வழி. லட்சுமணன் சாரு எத செய்யக் கூடாதுன்னாரோ அதையே செஞ்சேன். "ஐ மேக் வெரி வெல் டீ"ன்னேன்.

"யம்மாடி! டீயும் போட்டுகினு இங்கிலீசும் பேசறவன் எனக்கு எங்க கெடைப்பான்? அடுத்த வாரம் என்கூட பம்பாய்க்கு வா. அங்கேருந்து கப்பலு"ன்னுட்டு இன்னொரு கறித்துண்டு எடுத்து வெச்சிகினாரு.

"சுராயா, கொஞ்சம் யோசிக்கலாமே"ன்னு நைசா இழுத்தேன்.

"எங்க அத்தா பயணம் சொல்லாம போனாரு. நீங்களாச்சும் சொல்லிட்டுப் போங்க"ன்னு துப்பட்டிய எடுத்துப் போத்திகினா.

எங்க ஜனத்துல தூர தேசம் போறவன் சொந்தக்காரங்க வூடு வூடா போயி, தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிக்கங்கன்னு கேட்டுகினு வரணும். அதான் பயணம் சொல்றது. சொன்னவன் போயித்தான் ஆவணும். போவாம நின்னுட்டா சாவற வரைக்கும் ஊர் வாயில வுழுந்துகினு கெடக்க வேண்டியதுதான். ஒரு வூடு வுடல அவ. பத்து வருசமா மூஞ்சி குடுக்காத சித்தப்பா கட்டிப் புடிச்சிகினு அழுதாரு. பக்கத்து வூட்டு ஜெய்புன்னிசா மாமி, "உன் மூஞ்ச இனிமே எப்பப் பாக்கப்போறனோ"ன்னு மாரடிச்சிகினா. என் மய்யித்த அடக்கம் பண்ண நானே நடந்து போன மாதிரி இருந்திச்சி. தலைய சுத்துதுன்னு சொல்லிக்கூட பாத்தேன். "கடல் காத்துல சரியாப் பூடும்"னா சுராயா.

செங்கல்பட்டு ஸ்டேஷன்ல அரக்கோணம் பாசஞ்சர் நின்னுகினு இருந்திச்சி. அரக்கோணம் போயி பம்பாய் மெயில புடிக்கணும். தாவூது உள்ள எடம் போட்டுட்டு தூங்க ஆரம்பிச்சிட்டாரு. ஹயாத் பாஷா என் பொட்டிய தலையில தூக்கிகினு வந்தான். என் வூட்டுக்கு வந்ததுலேருந்து அவன் செஞ்ச மொத வேலை அதான். அவன் தோள்ல கெடந்தது என் கடைத் துண்டு.

ஜன்னலாண்ட வந்த சுராயா கையப் பாத்தேன். வளையல் ரெண்டும் இல்ல. தாவூதுக்குக் குடுத்த காசு எங்கேருந்து வந்திச்சின்னு இப்பத்தான் புரிஞ்சிச்சி. எனக்கு நெஜமாவே அழுவ வந்துடிச்சி.

"சுராயா, போவாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே எறங்கிடறேன். உன் தம்பி நூறு வருசம் கல்லாவுல உக்காரட்டும், நான் ஏன்னு கேக்கமாட்டேன்."

"சும்மா மிரட்டறீங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தம்பிய அடிச்சித் தொரத்தியிருந்தாக்கூட பொறுத்துகினு இருப்பேங்க. எங்க அத்தா போன போக்கத் தெனம் சாயங்காலம் பாட்டா பாடுனீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல." துப்பட்டியால கண்ணத் தொடச்சிகினா. அப்பத்தான் பாத்தேன், அவ நெஜமாவே அழுதுகினு இருந்தா.

வண்டி நவுந்திச்சி. எறங்கலாம்னு பாத்தா வாசப்படிய அடைச்சிகினு வழியனுப்ப வந்த சித்தப்பா நின்னு கையாட்டுறாரு, பின்னாடி ஜமாத்தே கையாட்டுது. சுராயா ஜன்னலோட கூடவே நடந்து வந்தா. ஏதோ சொல்ல வாயத் தொறந்தா.

"கம் பேக்..."ன்னா.

எனக்கு உசுரு திரும்பி வந்திச்சி. ஆயிரந்தான் இருந்தாலும் பொண்டாட்டி! அடுத்த வார்த்த குயிக்லிதான்னு கம்பியப் புடிச்சிகினு காத எட்டி நீட்டுனேன். லட்சுமணன் சாரு சொன்ன மாதிரியே, வினை போன பொறவு, பின்னாடி, சரியான எடத்துல வெச்சா:

"...ஸ்லோலி."