ஐந்தாம் வகுப்பில் சுவீடன்

"கம்பு நட்டாச்சு. வெள்ளைக்காரர் எங்க டீச்சர்?" தலைமையாசிரியர் ராஜேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்கு கல்வி ஆபீசர் வந்துடுவாரு."

"வந்துடுவாருங்க சார்," என்றாள் மதிவதனி.

வரமாட்டார். சொல்லி வைத்திருந்த சுவீடன்காரர் வெயில் தாங்காமல் நேற்றே ரிஷிகேசத்துக்கு ரயிலேறிவிட்டார்.

ஆரணியிலிருந்து, ஆசிரமங்கள் நிறைந்த இந்தச் செங்கம் ரோட்டுப் பள்ளிக்குப் போன வருஷம் மாற்றலாகி வந்த நாள்முதல், வெள்ளிக்கிழமைதோறும், இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாட்டின் விழாவை அவள் நடத்திக் காட்டினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அதைப் பார்க்கத்தான் அவள் வேலைக்கே வந்தாள். ராஜேந்திரனுக்கோ அது பிடிக்கவில்லை. இன்று சுவீடனின் கோடை விழா; இலை கட்டிய கம்பைச் சுற்றித் தவளைபோலத் தாவி ஆடுவார்கள். ஆபீசருக்குத் திருப்தியில்லை என்றால் வெள்ளிக்கிழமை பீரியடு பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் போய்விடும். விடுவதாயில்லை, ஒரு கை பார்ப்பதென்று இருந்தாள்.

ஆட்டோ வல்லரசுவுக்கு போன் போட்டாள்.

"சீசன் முடிஞ்சுப்போச்சு டீச்சர். ஜூன்ல எவன் இருப்பான்?"

"எந்த நாடா இருந்தாலும் சரிண்ணா. ஒருத்தர இட்டுனு வாங்க."

இருபது நிமிடத்தில் வேட்டி கட்டிய வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் வந்து இறங்கினார். கழுத்தில் 'மௌனம்' என்று ஓர் அட்டை தொங்கியது.

"பேசவே மாட்டாரா?"

"ஆறு மாசமா பேசல. அதான் கூப்ட்டதும் வந்துட்டாரு. வேணாம்னு சொல்ல முடியல பாருங்க."

நல்லதாகப் போயிற்று, தான் சுவீடன் இல்லை என்றும் இவர் சொல்லமாட்டார்.

அதற்குள் சத்துணவுச் சமையல்காரம்மா சரோஜா கம்புக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, அது சுவீடன் கம்பும்மா!"

"எந்த ஊரு கம்பா இருந்தா என்னா டீச்சர், மாவிலை கட்டிட்டு பொட்டு வெக்காம உடலாமா?"

சரோஜாவைத் தடுக்க முடியாது. ஆட்டத்தையாவது சீக்கிரம் தொடங்கிவிடலாம் என்று பிள்ளைகளை அழைத்தாள். "கம்பச் சுத்தி தவள மாதிரி..." முடிப்பதற்குள் முப்பது பேரும் காதருகே கையை ஆட்டிக்கொண்டு தாவினார்கள். காதருகே கையாட்ட அவள் சொல்லவே இல்லை. என்ன கற்பூர புத்தி! அவளுக்குக் கண் கலங்கியது.

தெருவில் போனவர்கள் நின்றார்கள். மாவிலைக் கம்பு, தாவும் தவளைகள், நடுவில் தாடி வைத்த சாமி.

"மழைக்குத் தவளைக் கல்யாணம்டி!"

மஞ்சள் தண்ணீர்க் குடங்கள் உள்ளே வந்தன. ஊற்றிய ஊற்றில் மதிவதனியும் நனைந்தாள். தாலிக்கயிற்றோடு வந்த ஒருத்தி, "பொண்ணு தவள எதும்மா?" என்று கேட்டாள். மதிவதனி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கேட்டைச் சாத்தினாள். அப்போதுதான் வந்த ஆபீசரும் கூட்டத்தோடு வெளியே மாட்டிக்கொண்டார். கேட் திறந்தபோது அவர் கை நிறைய அட்சதை இருந்தது.

"இது எந்த நாட்டு விழா?"

"சுவீடன் சார்." தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டினாலும் குரல் அசையவில்லை. "கோடை விழா. இவரு சுவீடன்லேர்ந்து வந்திருக்காரு."

தாத்தா புன்னகைத்தார்.

"அப்படியா பசங்களா?"

"ஆமா சார்!"

பொன்னி மட்டும் தரையைப் பார்த்தாள். ஆபீசர் குனிந்தார். "நீ ஏம்மா சொல்லல?"

"அவரு ரஷ்யா சார். எட்டு வருஷமா எங்க மாடியிலதான் குடியிருக்காரு. சுவீடன் அக்கா எங்க கிளாஸ் பிரசாத் வீட்ல. சீசனுக்கு வருவாங்க. நாங்க ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதே இந்தத் தவள ஆட்டம் சொல்லிக் குடுத்துட்டாங்க. இங்க எல்லார் வீட்டு மாடியிலயும் ஒரு நாடு இருக்குது சார்."

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ராஜேந்திரனிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை பீரியடு கண்டிப்பா இருக்கணும் சார். டீச்சர் இன்னும் நிறைய கத்துக்க வேண்டியிருக்கு."

ஜெயித்தாயிற்று. ஆனால் மதிவதனி பொன்னியின் எதிரே போய் உட்கார்ந்தாள். "அப்போ, ஒரு வருஷமா வாயப் பொளந்துக்குனு கேட்டீங்களேடி?"

பொன்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அவ்ளோ ஆசையா சொன்னீங்களா டீச்சர், உங்க மனசு நோவக்கூடாதுன்னு கிளாஸ் லீடர்தான் எல்லாரையும் ஆச்சரியப்படச் சொன்னான்."