கெமராக்காரர் வீட்டு நாய்

காலடியில் படுத்துக் கிடக்கும் நாயைப் பார்க்க ஒரு மனிதனுக்கு எத்தனை கருவி வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடவே பிறந்த ஓர் இனம் உண்டு. கெமராவும் போகஸுமாகவே திரியும் இவர்களைப் போகஸ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

உதாரணத்துக்குத் தலவாக்கலை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் யோகேஸ்வரன் போதும். மிருகங்களின் கண்ணைத் தானாகவே தேடிப் பிடிக்கும் என்று விற்றவன் சொன்னதை நம்பி அவர் ஒரு கெமரா வாங்கினார். அன்று முதல் மாட்டை எடுத்தால் மூக்கு தெளிந்தது, சேவலை எடுத்தால் வேலிக்கம்பி தெளிந்தது, குரங்கை எடுத்தால் குரங்கு தாவிப்போன கிளை தெளிந்தது. வீட்டுக் கறுப்பு நாய் ஜிம்மி பனிமூட்டத்துக்குள் ஓடிவந்தாலோ, லென்ஸ் முன்னும் பின்னும் முனகித் தவித்து, கடைசியில் ஒரு தேயிலைக் கொழுந்தைப் பிடித்துக்கொண்டு நிம்மதியடைந்தது. அவர் குற்றமா? ஒருநாளும் இல்லை.

"நாய்க்கு நிக்கத் தெரியல. கறுப்பு வேற. கெமரா என்ன செய்யும்?"

"பேரு சொல்லிக் கூப்பிட்டா நிக்கும்ங்க. நீங்கதான் அந்தப் பெட்டிய மூஞ்சில வச்சா வாயத் தொறக்கிறதே இல்லையே" என்பார் மனைவி நாகலெட்சுமி.

அம்மன் கோயில் திருவிழா வெடிச்சத்தத்தில் ஜிம்மி மிரண்டு ஓடிப்போனது. நாகலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. மழையிலும் வாசலிலேயே நின்றார். அடையாளம் காட்ட ஒரு படம் வேண்டுமே? யோகேஸ்வரன் ஆயிரக்கணக்கில் புரட்டினார். கொழுந்து, கம்பி, மூக்கு. முழு நாய் விழுந்தது ஒன்றே ஒன்றில்: நாகலெட்சுமியின் காலடியில், கரியைத் தேய்த்ததுபோல. அதையே 'காணவில்லை, கண்டவர்கள் அழைக்கவும்' என்று முகநூலில் போட்டார். நாய் என்று எழுதவில்லை. படத்தில்தான் இருக்கிறதே!

முதல் அழைப்பு கினிகத்தேனையிலிருந்து, நண்பர் சுதாகரன்.

"அண்ணே, அண்ணி எப்பண்ணே காணாமப் போனாங்க? ஏதும் சண்டையா?"

"அடேய், நாய்டா!"

"நாயா? அண்ணி மொகந்தாண்ணே பளிச்சுன்னு தெரியுது. பக்கத்துல ஏதோ கறுப்புத் துணி கெடக்கு."

நாகலெட்சுமி கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் தெளிவா விழுந்த மொதப் படம் இதுதாங்க. அதுவும் நாய் தொலஞ்சதால."

மறுநாள் ஜிம்மி நொண்டிக்கொண்டே வந்து, எந்த லென்ஸின் உதவியும் இல்லாமல் நேரே நாகலெட்சுமியின் மடியைக் கண்டுபிடித்தது.

சிரிக்கிறீர்களா? உங்கள் கைப்பேசியைத் திறந்து, வீட்டாரின் முகம் தெளிந்த படம் ஒன்றைத் தேடியெடுத்துவிட்டு வந்து சிரியுங்கள். யோகேஸ்வரனாவது 'காணவில்லை' வரியை மட்டும் அழித்துவிட்டு, படத்தை அப்படியே விட்டுவைத்தார். ஏன் என்று நாகலெட்சுமி கேட்டபோது, கெமராவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.